வாங்கிய நெல் ஏன் அங்கேயே கிடக்கிறது? டெல்டா சட்டமன்ற உறுப்பினர்களுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்தும், காவிரிப் பாசனம் எட்டும் கடலூர், திருச்சி, புதுக்கோட்டை, அரியலூர் பகுதிகளிலிருந்தும் தேர்வாகிச் சென்றிருக்கும் உங்கள் அனைவருக்கும், கட்சி பார்க்காமல், இதை எழுதுகிறேன். பொருள் ஒன்றுதான். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் வாங்கிய நெல் அங்கிருந்து எத்தனை நாளில் வெளியே போகிறது?

நெல்லுக்கு என்ன விலை என்று எல்லாத் தேர்தலிலும் பேசுகிறோம். எத்தனை சதவீத ஈரம் வரை வாங்கலாம் என்று ஒவ்வொரு ஐப்பசியிலும் பேசுகிறோம். எடை போட்டுச் சாக்கு தைத்த பிறகு அந்த நெல் என்ன ஆகிறது என்பது மட்டும் பேச்சில் வருவதே இல்லை. நனைந்த மூட்டை, கூடுதல் எடை, மூட்டைக்கு இவ்வளவு என்று கைமாறும் பணம், சாலையோரம் நாள்கணக்கில் காத்துக் கிடக்கும் குவியல் ஆகிய நான்கும் தனித்தனிக் குறைகளாகவே உங்களிடம் மனுவாக வருகின்றன. நான்குக்கும் வேர் ஒன்று: லாரி வரவில்லை, இருப்பு நகரவில்லை. அதிகாரிகள் பேச்சில் இதற்கு ‘இயக்கம்’ என்று பெயர்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கப்படும். 2020, 2021, 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் அதே நாளில் திறந்தது. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தது. 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எந்த நாளில் திறந்தாலும் அறுவடை எப்போது வரும் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். ஏ.டி.டி. 43, கோ 51, ஏ.எஸ்.டி. 16 போன்ற, குறுவைப் பருவத்துக்கான குறுகிய கால ரகங்கள் 105 முதல் 115 நாட்களில் கதிர் முற்றி நிற்கும். பம்புசெட் வைத்திருப்பவர்கள் தண்ணீர் திறப்பதற்கு முன்பே நாற்று விட்டிருப்பார்கள். கடைமடைக்காரர்களுக்குத் தண்ணீர் வந்து சேரவே நாளாகும். இந்த இரண்டு முனைக்கும் நடுவில், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் மூன்றாவது வாரம் வரை, அறுவடை ஒரே மூச்சில் வந்து குவியும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி அக்டோபர் 20. இரண்டும் மோதப்போவது ஜூன் மாதத்திலேயே எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

இதை உணர்ந்துதான் அக்டோபர் 1 அன்று தொடங்கிவந்த கொள்முதல் ஆண்டு, 2022 முதல் செப்டம்பர் 1 அன்றே தொடங்க வழிசெய்யப்பட்டது. நல்ல மாற்றம். ஆனால் உள்ளே வரும் வழியை ஒரு மாதம் முன்னதாகத் திறந்தோமே தவிர, வெளியே போகும் வழியை அகலப்படுத்தவில்லை.

கணக்கு எளிது. ஒரு நிலையம் நாளுக்கு 1,000 சிப்பம் எடை போடுவதாக வைத்துக்கொள்வோம். சிப்பம் என்பது 40 கிலோ நெல் மூட்டை; ஆக 40 டன். குறுவையில் ஏக்கருக்கு 50 முதல் 60 சிப்பம் காணும். அப்படியானால் அந்த நிலையம் ஒரு நாளில் எடுத்துக்கொள்வது 18 ஏக்கர் மகசூலை. ஒரு பெல்ட் மிஷின் நாளுக்கு எட்டு, பத்து ஏக்கர் அறுக்கும். இரண்டு மிஷின் ஊருக்குள் இறங்கினாலே நிலையத்தின் முழுத் திறனும் தீர்ந்துவிடுகிறது. நான்கைந்து கிராமங்களுக்கு ஒரு நிலையம் இருக்கும் இடத்தில், மழை வருகிறது என்ற அறிவிப்பைக் கேட்டு ஒரே வாரத்தில் ஆறேழு மிஷின்கள் இறங்கும்போது என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த 1,000 சிப்பமும் அன்றன்றைக்கு வெளியேற, பத்துச் சக்கர லாரி மூன்று வேண்டும். ஒரு லாரியில் ஏறக்குறைய 400 சிப்பம் போகும். ஒரு லாரி மட்டும் வந்தால் 600 சிப்பம் தங்கும். ஐந்து நாளில் 3,000. நிலையத்தின் திடல் நிறைந்துவிடும், ‘இடமில்லை, பிறகு வாருங்கள்’ என்று கொள்முதல் நிற்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. எடை போடுவதும் லாரி ஏற்றுவதும் அதே சுமைதூக்கும் தொழிலாளர்கள்தான். நான்கு நாளாக வராத லாரிகள் ஒரே நாளில் மூன்றாக வந்து நின்றால், அன்று முழுக்க லாரி ஏற்றும் வேலைதான். எடை போட ஆளிருக்காது. லாரி ஒழுங்காக வராவிட்டால் அது வராத நாளும் வீண், வந்த நாளும் வீண்.

லாரி ஏன் வரவில்லை என்று விசாரித்தால் ஒப்பந்தக்காரர் பக்கம் கை காட்டுவார்கள். பாதி உண்மை அது. மீதிப் பாதி, லாரி போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது. நிலையத்திலிருந்து நெல் போவது மூன்று இடங்களுக்கு: திறந்தவெளிக் கிடங்கு, அரவை ஆலை, வெளி மாவட்ட ஆலைகளுக்குப் போகும் சரக்கு ரயில். கிடங்கு நிறைந்திருந்தால் லாரி இறக்க முடியாமல் வாசலில் ஒரு நாள், இரண்டு நாள் நிற்கும். காத்திருப்புக்குக் கூலி கிடைக்காத லாரிக்காரர் அடுத்த நடைக்கு வருவாரா? ரயிலை எடுத்துக்கொண்டால், 42 வேகன் கொண்ட ஒரு ரயிலில் 2,000 டன் போகிறது, 50,000 சிப்பம். கேட்கப் பெரிய எண்ணாகத் தெரியும். நாளுக்கு 1,000 சிப்பம் வாங்கும் 50 நிலையங்களின் ஒரே ஒரு நாள் வரவு அவ்வளவுதான். உச்ச நாட்களில் ஒரு மாவட்டத்துக்கு வாரம் ஒரு ரயில், இரண்டு ரயில் என்று கணக்குப் போட்டால் தேக்கம் குறையவே குறையாது.

இனி எடை விஷயம். இதை நீங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கொள்முதல் நிலையங்களைப் பற்றிய கோபத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது.

ஒரு சிப்பத்தில் நெல் 40 கிலோ, சணல் சாக்கு 580 கிராம். தராசு 40.580 காட்டினால் சரி. நிலையங்களில் 41, 41.5 என்று போடச் சொல்கிறார்கள் என்ற புகார் ஓயாமல் வருகிறது. இதை வெறும் பேராசை என்று மட்டும் பார்த்தால் தீர்வு கிடைக்காது. 17 சதவீத ஈரத்தில் வாங்கிய நெல் வெயிலில் கிடந்து 14 சதவீதத்துக்கு வந்தால், 100 கிலோ 96.5 கிலோ ஆகிவிடும். நீர் ஆவியாகப் போவதுதான், யாரும் திருடவில்லை. 40 கிலோ சிப்பத்தில் இந்தக் குறைவு 1.4 கிலோ. இருப்பு பத்துப் பதினைந்து நாள் கிடந்தபின் லாரி ஏறி, கிடங்கில் எடை போடும்போது குறைவு வெளியே தெரியும். அனுமதித்த அளவுக்கு மேல் குறைந்தால் பொறுப்பு, நிலையத்தில் கணக்கு எழுதும் பட்டியல் எழுத்தர் தலையில் விழும். அவர் பருவகாலப் பணியாளர். அவர் செய்வது என்ன? வாங்கும்போதே சிப்பத்துக்கு ஒரு கிலோ கூட்டி வாங்கிவிடுகிறார். நகராத இருப்பின் உலர்வுச் சேதத்தை விவசாயி முன்கூட்டியே கட்டுகிறார் என்பதுதான் இதன் பொருள். ஏக்கருக்கு 55 சிப்பம் என்றால் 55 கிலோ நெல். 2025–26 பருவத்தில் சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். ஏக்கருக்கு 1,375 ரூபாய் போகிறது.

இது விற்றுமுடித்தவர் இழப்பு. விற்கக் காத்திருப்பவருக்கும் இதே கணக்குதான். வெயில் அடிக்கிறதே, நெல் காய்ந்தால் நல்லதுதானே என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். 17 சதவீதத்தில் எடை போட்டிருக்க வேண்டிய நெல் வரிசையில் கிடந்து 14க்கு இறங்கினால், ஏக்கருக்கு 2,200 கிலோவில் 77 கிலோ காற்றோடு போகும். ஏறக்குறைய 1,900 ரூபாய். மழை வந்தால் அதைவிட மோசம். மழையிலும் இழப்பு, வெயிலிலும் இழப்பு.

மூட்டைக்குக் கைமாறும் பணத்துக்கு வருகிறேன். வரிசை நீளமாகும் இடத்தில்தான் முன்னால் போவதற்கு விலை வரும். நாளை எடை போடுவார்கள் என்ற உறுதி இருந்தால் இன்றைக்கு யார் பணம் கொடுப்பார்கள்? சிப்பத்துக்கு 50 ரூபாய் என்றே வைத்துப் பாருங்கள். ஒரு குவிண்டாலுக்கு இரண்டரை சிப்பம். ஆக 125 ரூபாய். 2025–26இல் மத்திய அரசின் ஆதார விலையாக இருந்த 2,369 ரூபாய்க்கு மேல், சாதாரண ரகத்துக்கு மாநில அரசு கொடுத்த ஊக்கத்தொகை 131 ரூபாய். சட்டமன்றத்தில் அறிவித்து, கருவூலத்திலிருந்து எடுத்துக்கொடுத்த பணம் களத்து மேட்டிலேயே கரைந்துபோகிறது. 2,500 ரூபாய் என்பது 2021 தேர்தலில் திமுக கொடுத்த வாக்குறுதி. அந்தத் தொகை 2025–26 பருவத்தில் எட்டப்பட்டது. அடுத்த தேர்தல்களில் இதைவிடப் பெரிய தொகையை எந்தக் கட்சி சொன்னாலும், வரிசை இப்படியே நீளமாக இருந்தால் மூட்டைக்கு வாங்கும் பணமும் கூடவே ஏறும்.

நனைவது பற்றிச் சில நடைமுறை விவரங்கள். குறுகிய கால ரகங்கள் பலவற்றில் விதை உறக்கம் குறைவு. ஈரம் பட்டு மூடிக் கிடந்தால் மூன்று, நான்கு நாளில் முளை கட்டிவிடும். நெல் நனைவது மேலிருந்து பெய்யும் மழையால் மட்டும் என்று எண்ணிப் படுதாவை மேலே மட்டும் போர்த்துகிறார்கள். அடியில் ஓடும் தண்ணீரால் கெடுவது அதிகம். மண்தரையில் நேரடியாக அட்டியல் போட்டால், அதாவது மூட்டைகளை அடுக்கினால், கீழ் வரிசை முழுக்க வீண். அரை அடி உயரத்துக்கு மரச்சட்டமோ உமி மூட்டையோ போட்டு, சுற்றி வாய்க்கால் வெட்டி, பிறகுதான் அடுக்க வேண்டும். மூடிய படுதாவை மழை விட்ட நேரத்தில் இரண்டு மணி நேரமாவது திறந்து காற்றாட விடவேண்டும். இல்லாவிட்டால் நெல்லின் சொந்த ஈரமே படுதாவின் உட்புறம் வியர்த்து மேல் மூட்டைகளில் சொட்டும். காவலர் ஒருவரே இருக்கும் நிலையத்தில் 4,000 சிப்பத்துக்கு இதையெல்லாம் யார் செய்வார்கள்? 1,000 சிப்பம் மட்டும் இருந்தால் அவரால் முடியும். திரும்பவும் இயக்கத்துக்கே வந்து நிற்கிறோம்.

ஈரப்பதத் தளர்வைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசவேண்டும். விதிப்படி வரம்பு 17 சதவீதம். அக்டோபர் மழையில் மிஷின் அறுத்த நெல் 20, 22 என்று வருவது இயல்பு. ஒவ்வொரு முறையும் மாநில அரசு மழை பெய்தபிறகு டெல்லிக்குக் கடிதம் எழுதும், மத்தியக் குழு வரும், மாதிரி எடுக்கும், ஆய்வுக்கூடத்துக்குப் போகும், அதன்பின் ஆணை வரும். 2022 அக்டோபரில் 22 கேட்டு 19 கிடைத்தது. ஆணை வருவதற்குள் பாதி அறுவடை முடிந்துவிடுகிறது. தளர்வு கிடைத்தாலும், 20 சதவீத ஈரத்தில் வாங்கிய நெல்லை மூட்டை கட்டி ஒரு வாரம் போட்டுவைத்தால் அது உள்ளுக்குள் சூடேறிப் பழுத்துவிடும் என்பதை யாரும் சொல்வதில்லை. ஈரம் கூடிய நெல்லை வாங்க அனுமதி கேட்பவர், அதை இரண்டு நாளில் ஆலைக்கோ உலர்த்திக்கோ கொண்டுசேர்க்கும் வழியையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும். வழி இல்லாமல் வாங்கிய தளர்வு, சேதத்தை விவசாயியின் களத்திலிருந்து அரசின் கிடங்குக்கு மாற்றுகிறது, அவ்வளவே.

அந்தச் சேதம் டெல்டாவோடு நிற்பதும் இல்லை. பழுத்த நெல்லை அரைத்தால் மஞ்சளும் கறுப்புமாக அரிசி வரும், புழுங்கல் வாடை கூடுதலாக வரும். தமிழ்நாடு முழுக்க நியாயவிலைக் கடைகளில் போடும் அரிசியில் கணிசமான பகுதி இந்த நெல்லிலிருந்து வருவதுதான். தருமபுரியிலும் தூத்துக்குடியிலும் ரேஷன் அரிசியைக் கையில் எடுத்து முகம் சுளிப்பவர்களின் உறுப்பினர்களும் இந்த மடலைப் படித்தால் நல்லது.

2025 அக்டோபரில் தேக்கம் ஏற்பட்டபோது, ரேஷன் அரிசியில் கலக்க வேண்டிய, சத்துச் சேர்த்த (செறிவூட்டப்பட்ட) அரிசி மணிகளுக்கு மத்திய அரசின் ஒப்புதல் தாமதமானதால் ஆலைகளில் அரவை நின்றது என்று மாநில அரசு சொன்னது. எதிர்க்கட்சிகள் நிர்வாகத்தைக் குறை கூறின. ஆலையில் அரவை நின்றால் கிடங்கு நிறையும், கிடங்கு நிறைந்தால் லாரி நிற்கும், லாரி நின்றால் கொள்முதல் நிற்கும். அந்தச் சங்கிலி உண்மைதான். எனக்குத் தோன்றுவது இது: நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ மணி சேர்க்க வேண்டும் என்ற விதி திடீரென்று வந்ததல்ல. மணிகளுக்கான ஒப்பந்தமும் மாதிரி ஒப்புதலும் ஜூலைக்குள் முடியவேண்டிய வேலை. தாமதம் டெல்லியில் என்றால் ஆகஸ்டிலேயே நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எல்லாரும் சேர்ந்து அந்த அமைச்சகத்தின் வாசலில் நின்றிருக்க வேண்டும். அக்டோபரில் யார் மீது பழி என்று பேசி முடிப்பதற்குள் நெல் முளைத்துவிடும்.

இவ்வளவும் சொன்னபின் உங்களிடம் கேட்பது என்ன?

ஒவ்வொரு நிலையத்தின் வாசலிலும் ஒரு பலகை. தினமும் மாலை ஆறு மணிக்கு அதில் ஐந்து எண்கள் எழுதப்பட வேண்டும்: இன்று வாங்கிய சிப்பம், இன்று லாரி ஏறிய சிப்பம், இருப்பு, கையிலுள்ள காலிச் சாக்கு, நாளை அழைக்கப்படும் வரிசை எண்கள். புதிதாக எதையும் கணக்கெடுக்க வேண்டியதில்லை; நிலையங்களிலிருந்து மண்டல அலுவலகத்துக்கு அன்றாடம் கணக்குப் போகத்தான் செய்கிறது. அதை ஊர் பார்க்கும்படி எழுதச் சொல்கிறோம், இந்த நிலையங்களை நடத்தும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் இணையதளத்தில் நிலையவாரியாகப் போடச் சொல்கிறோம். மூன்று நாள் கொள்முதலைவிட இருப்பு கூடினால், அந்த நிலையத்துக்கு மறுநாள் லாரி அனுப்புவது கட்டாயம் என்று விதி வரவேண்டும். ஒப்பந்தக்காரர் அனுப்பாவிட்டால் மாவட்ட ஆட்சியர் உள்ளூர் லாரிகளை அமர்த்தி, செலவை ஒப்பந்தத் தொகையில் பிடித்துக்கொள்ளட்டும். கிடங்கு வாசலில் நிற்கும் லாரிக்கு முதல் நாளுக்குப் பிறகு காத்திருப்புக் கூலி தரவேண்டும். அந்தச் செலவு கணக்கில் ஏறத் தொடங்கினால்தான் கிடங்கில் இறக்கும் வேகம் கூடும்.

உலர்வுச் சேதத்துக்கான பொறுப்பை நாள்கணக்கோடு இணையுங்கள். வாங்கிய நாளில் என்ன ஈரம், வெளியேறிய நாளில் என்ன ஈரம் என்று இரண்டையும் பதிந்தால் நியாயமான குறைவு எவ்வளவு என்பது கணக்கிலேயே வந்துவிடும். அதைப் பட்டியல் எழுத்தரிடம் வசூலிக்காமல் இருந்தால், ‘ஒரு கிலோ கூட்டிப் போடு’ என்பதற்குச் சொல்லும் காரணம் போய்விடும். அதன்பிறகும் கூட்டி வாங்குபவர் மீது தயங்காமல் நடவடிக்கை எடுக்கலாம்.

ஈரமானிகளை ஆகஸ்டிலேயே சரிபார்த்து முத்திரையிட வேண்டும். கருவி நெல்லுக்கான அமைப்பில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வேறு தானியத்துக்கான அமைப்பில் வைத்தால் எண் மாறிவிடும். வெயிலில் கொதித்துக்கொண்டிருக்கும் நெல்லை அப்படியே போட்டு அளந்தாலும் தவறாகக் காட்டும். நிழலில் கால் மணி நேரம் ஆறவிட வேண்டும். குவியலின் மேலே ஒரு பிடி அள்ளாமல், மேல், நடு, அடி என்று பல இடங்களில் எடுத்துக் கலந்து, மூன்று முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். விவசாயி கண்முன் எண்ணைச் சொல்லி, சீட்டில் எழுதித் தரவேண்டும். திருப்பி அனுப்பினாலும் சீட்டு உண்டு என்றால் வாய்வார்த்தையில் திருப்பி அனுப்புவது குறையும்.

உங்கள் தொகுதி மேம்பாட்டு நிதியில் செய்யக்கூடியது உலர்களம். சிமெண்ட் களம் இல்லாத ஊர்களில் மக்கள் தார்ச்சாலையில் கொட்டிக் காயவைக்கிறார்கள். நெல்லில் கல் கலக்கிறது, இரவில் இரு சக்கர வண்டிகள் சறுக்கி விழுகின்றன. பேருந்து நிழற்குடைக்கும் நுழைவு வளைவுக்கும் போகும் பணத்தில் ஒரு பகுதியை இதற்குத் திருப்புங்கள். அதோடு ஒவ்வொரு வட்டத்துக்கும் இரண்டு மூன்று நடமாடும் உலர்த்திகள். மணிக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் ஈரம் குறையும். 22இல் வந்த நெல் ஐந்தாறு மணி நேரத்தில் 17க்கு வந்துவிடும். வாடகையை அரசு ஏற்றாலும், ஒரு மழையில் கெடும் நெல்லின் மதிப்போடு பார்த்தால் அது சிறிய தொகைதான்.

குத்தகைதாரர்களை மறக்க வேண்டாம். கோயில் நிலமும் மடத்து நிலமும் உழுபவர்கள் டெல்டாவில் ஏராளம். அவர்கள் பெயரில் சிட்டா என்னும் நில உரிமைப் பதிவு இருக்காது; குத்தகைப் பதிவும் பலருக்கு இல்லை. இணையப் பதிவில் கிராம நிர்வாக அலுவலரின் சான்று கிடைக்காமல் அவர்கள் நெல் வியாபாரிக்குக் குறைந்த விலைக்குப் போகிறது. அதே நெல் வேறொருவர் அடங்கலில் (பயிர்ப் பதிவேட்டில்) கொள்முதல் நிலையத்துக்கே திரும்பி வருகிறது. சாகுபடி நடக்கும்போதே, ஆகஸ்ட் அடங்கல் ஆய்வில், உழுபவர் பெயரை எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் அக்டோபருக்கு வராது.

சட்டமன்றத்தில் ‘இந்தப் பருவத்தில் எத்தனை லட்சம் டன் கொள்முதல் செய்யப்பட்டது?’ என்று கேட்கிறீர்கள். அமைச்சர் ஒரு பெரிய எண்ணைச் சொல்கிறார்; கடந்த ஆட்சியோடு ஒப்பிடுகிறார்; மேசை தட்டப்படுகிறது. அடுத்த கூட்டத்தொடரில் இப்படிக் கேளுங்கள்: ‘செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 31 வரை, என் தொகுதியிலுள்ள ஒவ்வொரு நிலையத்திலும், ஒவ்வொரு நாள் மாலையிலும் இருப்பு எத்தனை சிப்பம்? மூன்று நாள் கொள்முதலைவிடக் கூடுதலாக எத்தனை நாள் கிடந்தது? அந்த நாட்களில் எத்தனை லாரி வந்தது?’ ஆளுங்கட்சி உறுப்பினர் கேட்டாலும் தவறில்லை. எழுத்து வடிவில் விடை வாங்கி அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டச் சொல்லுங்கள். பலகைக்கான ஆணை ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முன் வந்தால், அந்தக் கூட்டத்திலேயே எல்லா ஊரிலும் படித்துச் சொல்லிவிட முடியும். செப்டம்பர் 1 மாலை முதல் எண்கள் எழுதப்படலாம்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்டத்து வாக்காளர் ஒருவர்